லெட்டர்பேடு கட்சியா, பதிவான கட்சியா? தேர்தல் ஆணையத்தின் பதிவுச் சேவை பற்றி ஒரு விமர்சனம்

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குள் 'கட்சிக்காரர்' என்றால் வக்காலத்துக் கொடுத்தவர், அதாவது தனக்காக வழக்காடும் அதிகாரத்தை வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுத்தவர். வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அதே சொல் கொடி கட்டுகிறவரைக் குறிக்கும். முதல் வகைக் கட்சிக்காரர்களோடு பதினைந்து இருபது வருடம் பழகிய ஒரு வழக்கறிஞர், இரண்டாம் வகையினரைச் சேர்த்துக்கொண்டு தனிக்கட்சி தொடங்குவது என்று முடிவெடுத்தால், அவர் படியேற வேண்டிய இடம் ஒன்றுதான்: இந்தியத் தேர்தல் ஆணையம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி அரசியல் கட்சிகளைப் பதிவு செய்யும் வேலையை ஆணையம் 1989 முதல் செய்து வருகிறது. பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து விண்ணப்பிக்கிறவருக்கு அந்தச் சேவை எங்கே கைகொடுக்கும், எங்கே இடறிவிடும் என்பதுதான் இந்த விமர்சனம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கட்டணம் குறைவு. விதிகள் எழுத்தில் தெளிவாக இருக்கின்றன. விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வசதி நன்றாக இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கான கெடு மட்டும் இறுக்கம். நாளிதழ் அறிவிப்புச் செலவு சிறிய கட்சியின் முதுகை ஒடிக்கும். பதிவு முடிந்த பிறகு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்பது விண்ணப்பிக்கிற நேரத்தில் பெரும்பாலோர் கண்ணில் படுவதே இல்லை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம். உண்மையிலேயே முந்நூறு நானூறு பேர் கூடவே நிற்கும் தலைவருக்கு இது நல்ல சேவை. லெட்டர்பேடும் காரில் கட்டக் கொடியும் மட்டும் வேண்டும் என்பவர் இதில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

இந்தச் சேவை இல்லாத காலத்திலும் இந்த மாவட்டத்தில் வழக்கறிஞர் கட்சி கண்டிருக்கிறார். எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர் 1951-ல் காமன்வீல் கட்சியைத் தொடங்கியபோது 29ஏ கிடையாது, இன்று உறுப்பினர்கள் சத்தியம் செய்து தரும் நூறு பிரமாணப் பத்திரமும் கிடையாது. 1952 தேர்தலில் அந்தக் கட்சி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 6 இடம் பிடித்தது. 375 பேர் கொண்ட சபையில் காங்கிரசுக்கு 152 பேர்தான் இருந்ததால் அந்த ஆறுக்கும் எடை கூடியது. ராஜாஜி அமைத்த மந்திரிசபையில் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். 1954-ல் கட்சியே காங்கிரசில் கரைந்தது. அவர் பிறகு சென்னைச் சட்ட மேலவைத் தலைவராகவும் இருந்தார். மூன்றே ஆண்டில் பிறந்து, வென்று, கலைந்த கட்சி. இன்று அதே காரியத்தைச் செய்ய வேண்டுமானால், இணைப்பும் கலைப்பும் எப்படி நடக்கும் என்று கட்சியின் விதிகளிலேயே முதல் நாளே எழுதிவைத்திருக்க வேண்டும். சட்டக் கல்லூரி முடித்த காட்பாடி துரைமுருகன் போல, ஏற்கெனவே உள்ள கட்சியில் படிப்படியாக ஏறிப் பொதுச் செயலாளர் வரை போகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. தனிக்கட்சி காண்கிறவருக்குத்தான் இது.

கட்சி பிறந்த தேதி

நிராகரிப்புக்கு முதல் காரணம் தேதிதான். கட்சி தொடங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் ஆணையச் செயலாளர் கையில் போய்ச் சேர வேண்டும். தபாலில் போட்ட தேதி கணக்கில்லை, சேர்ந்த தேதிதான் கணக்கு. வழக்குத் தொடுக்கக் கெடு வகுக்கும் காலாவதிச் சட்டம் படித்த வழக்கறிஞருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு இங்கே எடுபடாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 30 நாள் தாண்டினால் புதிதாகக் கூட்டம் போட்டு, புதிய தேதியில் கட்சியை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

தவறு நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். மைதானத்தில் பொதுக்கூட்டம், மேடையில் பெயர் அறிவிப்பு, கொடியேற்றம், மறுநாள் பத்திரிகையில் படம். அந்தத் தேதிதான் கட்சி பிறந்த தேதி என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு விதிகளை எழுத உட்கார்ந்து, உறுப்பினர் தேடி, நோட்டரியிடம் வரிசையில் நின்று முடிக்கையில் நாற்பது நாள் ஓடிப்போயிருக்கும்.

சரியான வரிசை இதற்கு நேர் தலைகீழ். விதிகளின் வரைவை முதலில் முடியுங்கள். சேரப்போகிறவர்களின் வாக்காளர் அட்டை எண், வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண் எல்லாவற்றையும் சரிபார்த்து ஒரு பட்டியலில் ஏற்றுங்கள். முத்திரைத்தாள் வாங்கி வையுங்கள். அதன்பின் அமைப்புக் கூட்டத்தைக் கூட்டி, பெயரையும் விதிகளையும் ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து கெடு ஓடத் தொடங்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டிச் செய்யக் கூடாது: பிரமாணப் பத்திரத்தில் தேதி போடுவது. கட்சியே பிறக்காத ஒரு நாளில் 'நான் இக்கட்சியின் உறுப்பினர்' என்று ஒருவர் சத்தியம் செய்தால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை.

விதிகள் எழுதுவது

இந்த இடத்தில்தான் வழக்கறிஞருக்கு மற்றவர்களைவிடக் கை ஓங்கி இருக்கும். ஆனால் ஒரு சங்கத்தின் துணைவிதியை எடுத்துப் பெயரை மாற்றி ஒட்டினால் போதும் என்று நினைப்பவரும் வழக்கறிஞர்தான். சட்டம் கேட்கும் ஒரு வாசகம் உண்டு: சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசியலமைப்பின் மீதும், சோஷலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கோட்பாடுகள் மீதும் கட்சி உண்மையான பற்றும் விசுவாசமும் கொண்டிருக்கும், இந்தியாவின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டைக் காக்கும் என்பது. இதை 29ஏ(5) பிரிவில் உள்ளபடியே, சொல் மாறாமல் எழுத வேண்டும். 'சோஷலிசம்' பிடிக்கவில்லை என்று 'சமூகநீதி' என்று மாற்றி எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் கேட்கும் மற்றவை உட்கட்சி ஜனநாயகம் பற்றியவை. ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் ஒவ்வொரு மட்டத்திலும் நிர்வாகிகள் தேர்தல் நடக்க வேண்டும். நியமனத்தில் வருபவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. தலைவருக்குத் தனி ஒருவராக எதையும் தடுத்து நிறுத்தும் அதிகாரம் கூடாது. பதிவான ஐந்து ஆண்டுக்குள் தேர்தலில் போட்டியிடுவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வன்முறையைத் தூண்டமாட்டோம், கட்சிப் பணத்தை அரசியல் வேலைக்கு மட்டுமே செலவழிப்போம், கணக்கைத் தணிக்கை செய்வோம் என்பதும் வேண்டும். விதிகளைத் திருத்துவது, பிளவு, இணைப்பு, கலைப்பு எல்லாவற்றுக்கும் வழிமுறை வேண்டும். 'நிறுவனத் தலைவர் ஆயுட்காலம் வரை' என்று ஒரு வரி எழுதும் ஆசை பலருக்கு இருக்கிறது. அந்த வரி மேலே சொன்ன பாதி நிபந்தனைகளோடு மோதும். அதை எழுதவே வேண்டாம்.

விதிகளின் ஒவ்வொரு பக்கத்திலும் தலைவரோ பொதுச் செயலாளரோ சான்றொப்பம் இட வேண்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பியதால் திரும்பிவந்தால் குற்றம் ஆணையத்தின் மேல் இல்லை. தமிழில் எழுதிய விதிகளோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புவது புத்திசாலித்தனம்.

நூறு பேர்

வேலையில் பாதி இதுதான். குறைந்தது 100 உறுப்பினர்களின் வாக்காளர் பட்டியல் நகல் வேண்டும். நிர்வாகிகள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவரும் அந்த நூறுக்குள் வந்துவிட வேண்டும். அந்த நூறு பேரும் தனித்தனியே பிரமாணப் பத்திரம் தர வேண்டும்: தான் பதிவான வாக்காளர், ஆணையத்தில் பதிவான வேறு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்று. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர், பிரமாண ஆணையர், நோட்டரி, இவர்களில் ஒருவர் முன் கையெழுத்தாக வேண்டும். தலைவரோ பொதுச் செயலாளரோ தனியாக ஒரு பிரமாணமும் தர வேண்டும்.

நூறு என்று கேட்டால் நூற்று இருபத்தைந்து தயார் செய்யுங்கள். குறைகிற இடங்கள் எல்லாம் தெரிந்தவைதான். வாக்காளர் பட்டியலில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், பத்திரத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். பட்டியலில் 'முனுசாமி' என்றும் கையெழுத்தில் 'முனிசாமி' என்றும் இருக்கும். 2025 இறுதியில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. பழைய பட்டியலின் நகலை வைத்து அடித்த பத்திரங்கள் வீணாகும். பட்டியலைப் புதிதாக இறக்கி, அட்டை எண்ணை வைத்துத் தேடி, அப்புறம் தட்டச்சுக்குக் கொடுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் இன்னமும் பழக்கத்தில் 'வேலூர் மாவட்டம்' என்று எழுதுகிறார்கள். அவர்கள் இருப்பது திருப்பத்தூர் மாவட்டம். அரக்கோணமும் ஆற்காடும் ராணிப்பேட்டை. ஆதார் அட்டையில் பழைய மாவட்டமும் வாக்காளர் பட்டியலில் புதிய மாவட்டமும் இருந்தால், பட்டியலில் உள்ளதைத்தான் பத்திரத்தில் எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை, வேறு கட்சி உறுப்பினர் அட்டை. நம் ஊர்களில் ஏதாவது ஒரு உறுப்பினர் சேர்க்கை முகாமில் எப்போதோ பெயர் கொடுக்காதவர் குறைவு. பொய்ச் சத்தியம் செய்தவர் பெயரை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டினால் மொத்த விண்ணப்பமும் சந்தேகத்துக்கு ஆளாகும். பழைய கட்சிக்கு விலகல் கடிதம் அனுப்பி, அதற்கான தபால் ரசீதை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே பிரமாணத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கட்சித் தலைவரே நோட்டரியாகவும் இருந்தால், தன் உறுப்பினர்களின் பத்திரங்களுக்குத் தானே முத்திரை குத்த வேண்டாம். சம்பந்தம் இல்லாத நோட்டரியிடம் போவதே முறை. நோட்டரியின் பதிவேட்டு எண் ஒவ்வொரு தாளிலும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். நூறு தாளில் நான்கில் எண் விட்டுப்போவது சகஜம்.

ஆணையத்துக்குக் கட்ட வேண்டிய 10,000 ரூபாய் வரைவோலையை மட்டும் பார்த்து 'மலிவு' என்று முடிவு கட்ட வேண்டாம். முத்திரைத்தாள், தட்டச்சு, நோட்டரி மூன்றையும் கூட்டி நூறால் பெருக்கிப் பாருங்கள், அந்த வரைவோலை சின்னதாகிவிடும். வரைவோலைப் பணம் எக்காரணத்திலும் திரும்பி வராது.

முகவரி, பெயர், அறிவிப்பு

தலைமை அலுவலகத்துக்கு நீதிமன்றத்தருகே இருக்கும் தன் அறையின் முகவரியையே கொடுப்பது வழக்கறிஞர்கள் வழக்கம். வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வாடகைக் கட்டடமானால் உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வாங்கி வையுங்கள். முகவரி என்பது வெறும் சம்பிரதாயம் என்ற காலம் முடிந்துவிட்டது. 2025-ல் ஆணையம், பதிவானாலும் மாநிலக் கட்சி, தேசியக் கட்சி என்ற அங்கீகாரம் பெறாத கட்சிகளைச் சல்லடை போட்டது. ஆகஸ்டில் 334 கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019 முதல் ஒரு தேர்தலிலும் நிற்காததோடு, கொடுத்த முகவரியில் போய்ப் பார்த்தால் அலுவலகமே இல்லை என்பது காரணம். செப்டம்பரில் இன்னும் 474 கட்சிகள் போயின. வீடு மாறினால், நிர்வாகி மாறினால், பெயர் மாறினால் உடனே ஆணையத்துக்கு எழுத வேண்டும் என்று 29ஏ(9) சொல்கிறது. அதைச் செய்யாமல் விட்டதன் விலை இது.

பெயர் விஷயத்தில், பதிவான கட்சிகளின் பட்டியல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. 'மக்கள்', 'முன்னேற்ற', 'தமிழக', 'கழகம்' ஆகிய நான்கு சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கும். அதற்கு ஒத்த பெயரும், சாதி மத வாடை வீசும் பெயரும் கேள்விக்குள்ளாகும். மூன்று பெயரை வரிசைப்படுத்தி யோசித்து வைத்துக்கொள்வது நல்லது.

பதிவுக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்கும் நாளிதழ் அறிவிப்புதான் பெரிய செலவு. ஆணையம் கேட்டதும், ஆணையம் கொடுத்த வாசகத்திலேயே, இரண்டு தேசிய நாளிதழ்களிலும் இரண்டு உள்ளூர் நாளிதழ்களிலும் இரண்டிரண்டு நாள் வெளியிட வேண்டும். மொத்தம் எட்டு வெளியீடு. வாசகத்தில் கட்சியின் கொள்கை முழக்கத்தைச் சேர்ப்பதோ தலைவர் படத்தைப் போடுவதோ கூடாது. உள்ளூர் இதழுக்கு வேலூர் பதிப்பில் மட்டும் போட்டால் கட்டணம் இறங்கும். விளம்பரத்தின் கடைசி நாளிலிருந்து 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருக்க வேண்டும். தேர்தல் நெருக்கத்தில் ஆணையம் இதைக் குறைத்ததும் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது 30 நாள் 7 நாளானது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது விண்ணப்பித்து, அதே தேர்தலில் வேட்பாளர் எல்லோருக்கும் ஒரே பொதுச்சின்னத்தோடு நிற்கலாம் என்பது பேராசை. ஓராண்டு முன்னதாகத் தொடங்குவதே பாதுகாப்பு.

கட்டு முழுவதையும் நிர்வாசன் சதன், அசோகா சாலை, புதுடெல்லி 110001 என்ற முகவரிக்கு அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு அஞ்சல்துறை இணைத்துவிட்டதால், விரைவுத் தபாலில் பதிவு வசதியைக் கேட்டு வாங்குங்கள். கெடுவுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் காட்பாடியில் டெல்லி ரயில் ஏறி நேரில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கி வருவதே மேல். விண்ணப்பத்தில் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தந்தால், 2020-ல் வந்த கண்காணிப்புத் தளத்தின் வழியாக நிலவரம் குறுஞ்செய்தியாக வரும். முன்பெல்லாம் டெல்லியில் ஆள் வைத்து விசாரிக்க வேண்டியிருந்த வேலை. இந்தச் சேவையில் மனதார மெச்சத் தக்கது இதுதான். ஒரே எச்சரிக்கை: ஜூனியரின் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஜூனியர் வேறு சீனியரிடம் போய்விட்டால் குறைதீர்க்கச் சொல்லி வரும் கடிதமும் அவரோடு போய்விடும்.

கறுப்புக் கோட்டும் கட்சித் துண்டும்

பதிவுச் சேவை சொல்லித்தராத, ஆனால் வழக்கறிஞரான தலைவரைத் தனியாகப் பாதிக்கும் பகுதி இது. கட்சித் தலைவராக இருப்பதால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்கத் தேவையில்லை. எம்.எல்.ஏ., எம்.பி. ஆன பிறகும் வழக்காடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொல்லிவிட்டது. ஆனால் கட்சியிடமிருந்து முழுநேர ஊழியராக மாதச் சம்பளம் வாங்கினால் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 49-ஆம் விதி (முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்காடக் கூடாது என்பது) குறுக்கே நிற்கும். தலைவர் பதவிக்குச் சம்பளம் என்று விதிகளில் எழுதாதீர்கள்; பயணச் செலவை ரசீது வைத்துத் திருப்பிக் கொடுப்பதோடு நிறுத்துங்கள்.

36-ஆம் விதிதான் அதிகம் மீறப்படுவது. வழக்கறிஞரின் பெயர்ப்பலகையிலோ லெட்டர்பேடிலோ எந்த அமைப்போடு, எந்தக் கொள்கையோடு தொடர்பு என்று காட்டக் கூடாது. அறைக்கு வெளியே 'வழக்கறிஞர், நிறுவனத் தலைவர்' என்று ஒரே பலகையில் எழுதினால் மீறல். முகவரியை வேறாக வையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுதான் காரணம். இரண்டு முகவரி, இரண்டு பலகை, இரண்டு லெட்டர்பேடு, இரண்டு வங்கிக் கணக்கு. வழக்குக் கட்டணம் கட்சிக் கணக்கிலும், நன்கொடை வழக்கறிஞர் கணக்கிலும் விழுந்தால் பின்னால் பிரித்தெடுக்க முடியாது. கழுத்துப்பட்டையும் கவுனும் அணிந்து மேடை ஏறுவதும் கூடாது. நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் அவற்றை அணிய விதி அனுமதிப்பதில்லை.

பலருக்கு அதிர்ச்சியாக இருப்பது இன்னொன்று. ஓர் அமைப்பின் செயற்குழுவில் இருக்கும் வழக்கறிஞர் அந்த அமைப்புக்காகவோ அதை எதிர்த்தோ நீதிமன்றத்தில் ஆஜராகக் கூடாது. சின்னம் கேட்டு ரிட் போட்டால், பொதுக்கூட்ட அனுமதிக்கு உயர் நீதிமன்றம் போனால், தலைவர் மனுதாரராக நிற்கலாம், வக்காலத்துப் போட முடியாது. செயற்குழுவில் இல்லாத ஒரு நல்ல வழக்கறிஞரை வெளியே வைத்திருங்கள். எல்லா வழக்கறிஞர் நண்பர்களையும் செயற்குழுவில் போட்டுவிட்டுப் பிறகு தவிக்கும் கட்சிகள் உண்டு.

பதிவு கிடைத்தது, என்ன கிடைத்தது?

ஒரு கடிதம். சின்னம் இல்லை, அங்கீகாரம் இல்லை. நன்கொடை பெறும் உரிமை, நிபந்தனைக்குட்பட்ட வருமானவரி விலக்கு, தேர்தலில் சுயேச்சைகளுக்கு முன்னதாகச் சின்னம் பெறும் வாய்ப்பு, இவ்வளவே. மூன்றுக்கும் கணக்குதான் சாவி. சட்டத்தில் புலியாக இருக்கும் தலைவர்கள் சறுக்குவது இங்கேதான்.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை வாங்கினால் வரிவிலக்கு போகும். 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர்களின் பட்டியலை 24ஏ படிவத்தில் ஆண்டுதோறும் தர வேண்டும். பட்டயக் கணக்காளர் தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு அக்டோபர் 31-க்குள் போக வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் நின்றால் 75 நாளுக்குள், மக்களவைத் தேர்தலானால் 90 நாளுக்குள் கட்சியின் செலவுக் கணக்கு. வரவே இல்லாத ஆண்டிலும் கணக்குத் தாக்கல் உண்டு. 'சைபர்' என்று எழுதியாவது அனுப்ப வேண்டும். மூன்று ஆண்டு கணக்குக் காட்டாத கட்சிகள் மீதும் 2025-ல் நடவடிக்கை தொடங்கியது. உண்டியல் குலுக்கி வாங்கும் பணத்துக்கும் நாள்வாரியாகச் சீட்டு எழுதி, மறுநாளே வங்கியில் கட்டுங்கள். நம் வேலூர்த் தொகுதியில் பணம் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கப்படுகிறது என்பதற்கு 2019 சாட்சி. பெருந்தொகை ரொக்கம் பிடிபட்டதை வைத்து வேலூர் மக்களவைத் தேர்தலே ஏப்ரல் 16-ல் ரத்தாகி, ஆகஸ்ட் 5-ல்தான் நடந்தது.

சின்னத்துக்கு வருவோம். 1968 சின்னங்கள் ஆணையின் 10பி பத்திப்படி, மாநிலத்தின் மொத்தத் தொகுதிகளில் 5 சதவீதத்திலாவது நிற்கிற பதிவான கட்சிக்குப் பொதுச்சின்னம் கேட்கலாம். தமிழ்நாட்டின் 234-க்குக் கணக்குப் போட்டால் 12 தொகுதி. சட்டமன்றத்தின் ஆயுள் முடிய ஆறு மாதம் இருக்கும்போது கதவு திறக்கும். காலியாக உள்ள சின்னங்களிலிருந்து பத்தை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். புதிதாக மூன்றை வரைந்தும் தரலாம், ஆனால் விலங்கு, பறவை, மதச் சாயல் கூடாது. 2024 ஜனவரி முதல், சின்னம் கேட்கும் மனுவோடு கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கும், கடைசி இரண்டு தேர்தல் செலவுக் கணக்கும் சேர்த்து வைக்க வேண்டும். முந்தியவருக்கே சின்னம். கதவு திறந்த அன்றே மனு போய்ச் சேரவில்லையென்றால் என்ன ஆகும் என்பதை 2024-ல் நாம் தமிழர் கட்சி பார்த்தது: ஆண்டுக்கணக்காக மக்களிடம் கொண்டுபோன கரும்பு விவசாயி சின்னம் கர்நாடகத்துக் கட்சி ஒன்றுக்குப் போய், இவர்கள் மைக்கோடு நிற்க வேண்டியதாயிற்று. அதே தேர்தலில் 8 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றார்கள்.

கூட்டணிக்குப் போகும் சிறு கட்சித் தலைவர் யோசிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றால் வெற்றி எளிது. ஆனால் ஆணையத்தின் ஏட்டில் நீங்கள் அந்தப் பெரிய கட்சியின் வேட்பாளர். உங்கள் கட்சி அந்தத் தேர்தலில் நிற்கவே இல்லை. புதிய நீதிக் கட்சியின் ஏ.சி. சண்முகம் வேலூரில் 2014-லும் 2024-லும் தாமரையிலும், 2019-ல் இரட்டை இலையிலும் நின்றார். மூன்று முறையும் வாக்கு அந்தந்தக் கட்சியின் கணக்கில்தான் ஏறியது. மனிதநேய மக்கள் கட்சி 2021-ல் உதயசூரியனில் நின்று சட்டமன்றத்துக்குள் போனது. 2025 செப்டம்பர் நீக்கப் பட்டியலில் அதன் பெயர் வந்தது. கூட்டணியில் மூன்று இடம் கிடைத்தால் ஒன்றிலாவது, அது தோற்கும் இடமாக இருந்தாலும், சொந்தக் கட்சியின் பெயரில் ஆள் நிறுத்துங்கள். அதற்கும் இடமில்லை என்றால் ஏதாவது ஓர் இடைத்தேர்தலில் நில்லுங்கள். சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 10,000 ரூபாய்தான், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5,000. பதிவைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி கிடையாது.

தொகுதி எல்லையையும் கவனியுங்கள். காட்பாடி வேலூர் மாவட்டத்தில் இருந்தாலும் மக்களவைக்கு அரக்கோணம் தொகுதி. ஆம்பூரும் வாணியம்பாடியும் வேறு மாவட்டமானாலும் வேலூர் தொகுதி. அங்கீகாரம் பெறாத கட்சி வேட்பாளரை 10 பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். மக்களவைக்குக் காட்பாடி ஆளை வேலூர் மனுவில் முன்மொழியவைத்து, பரிசீலனையில் மனு தள்ளுபடியாகும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

இவர் எங்கள் கட்சி வேட்பாளர் என்று தேர்தல் அதிகாரிக்குக் கட்சி தரும் ஏ, பி படிவங்களில் தலைவரின் கையெழுத்து பேனா மையில் நேரடியாக இருக்க வேண்டும். ரப்பர் முத்திரையும், ஸ்கேன் செய்த கையெழுத்தும், நகலும் செல்லாது. வேட்புமனுவின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் அதிகாரி மேசையில் மூலப்படிவம் இருக்க வேண்டும். தலைவர் அன்றைக்கு உயர் நீதிமன்றத்தில் வழக்குக்காகச் சென்னையில் இருந்தால், வேலூர் தொகுதிகளுக்கான படிவங்கள் முதல்நாள் இரவே கையெழுத்தாகி இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.